முதுகு மூடிய அங்கி

ஆஸ்பத்திரித் தையல் அறையில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிக் காரணம் தொழில், மீதி நாக்கு. கிழிந்த போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி, நோயாளிகளின் அங்கி எல்லாம் அவள் மெஷினைத் தாண்டித்தான் வார்டுக்குப் போக வேண்டும். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியில் இருக்கிறாள். ஏன் கட்டிக்கலேன்னு கேட்டால், "அளவு சரியா வரல" என்பாள்.

அக்கா கணவர் போதகர். வியாழன்தோறும் சர்ச் ஹாலில் கிரேக்க வகுப்பு எடுப்பார். ஊசி போவது கிரேக்கத்துக்காக இல்லை, ஹாலில் ஓடும் பெரிய மின்விசிறிக்காக என்று அக்கா சொல்வாள். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும், "சரி அத்தான், இத வச்சு என்ன பண்றது?" என்று கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

அன்றைய சொல் டிமே. மரியாதை, கனம் என்று அர்த்தம். விலை என்றும் வரும்.

"இயேசுவக் காட்டிக்குடுத்து வாங்கி, யூதாஸ் திருப்பி வீசின காச ரத்தத்தோட விலைன்னு ஆசாரியர்கள் சொன்னாங்களே, அந்த விலையும் டிமேதான். அப்பா அம்மாவ கனம்பண்றதும் இதே வேர்தான். மனைவிக்குக் குடுக்க வேண்டிய மரியாதைக்கும் பேதுரு இந்தச் சொல்லத்தான் போடுறார்" என்றார் போதகர்.

பின்வரிசையில் அக்கா பலமாக இருமினாள். ஹால் சிரித்து அடங்கியது.

பிறகு அவர் பவுலின் கடிதத்துக்கு வந்தார். உடம்பில் மதிப்புக் குறைவென்று நாம் நினைக்கிற உறுப்புகளுக்குத்தான் அதிக டிமே என்று அவர் கொரிந்தியருக்கு எழுதுகிறார். "குடுக்கிறோம்னு நாம வாசிக்கிறோம். கிரேக்கத்துல சுத்திப் போடுறோம்னு இருக்கு. சிப்பாய்ங்க இயேசுவுக்கு அங்கி போட்டாங்களே, அதுக்கும் இதே வினைச்சொல்தான்."

"அப்போ மரியாதைய உடுத்தி விடணும்?" என்றாள் ஊசி.

"ஏறக்குறைய அப்படித்தான்."

"இத வச்சு என்ன பண்றது?" என்று அன்று மட்டும் ஊசி கேட்கவில்லை. அதுவே அதிசயம்.

அந்த மாதமே ஊசி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் போதகருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. மறுநாள் எழுந்து நடக்கச் சொன்னார்கள். அவர் அசையவில்லை. வலி என்றார், தலைசுற்றல் என்றார். டாக்டர் முகம் மாறியது. "படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அது நெஞ்சுக்கு ஏறினா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

அக்கா அழ ஆரம்பித்தாள். ஊசி கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தாள். முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்த அங்கி. கழுத்தில் ஒரு நாடா, அவ்வளவுதான். வார்டு வராந்தாவிலோ அவருடைய சபையார் பாதிப் பேர் பழப் பையோடு நின்றார்கள்.

"வலியா அத்தான், வெக்கமா?"

போதகர் சுவர்ப் பக்கம் திரும்பினார். திரும்பியதும் போர்வையை இழுத்துப் பின்பக்கம் செருகிக்கொண்டார். பதில் கிடைத்துவிட்டது.

மதியத்துக்குள் ஓர் அங்கி தைத்து எடுத்து வந்தாள். முதுகு முழுக்க மூடியது, தலைவழியாகப் போடுவது. அங்கேதான் சறுக்கினாள். அத்தனை வருஷம் அங்கி தைத்தவள், அதை நோயாளிக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. போதகரின் தலை உள்ளே மாட்டிக்கொண்டது, சலைன் குழாய் கைப்பகுதியில் முறுக்கிக்கொண்டது.

"ஊசிம்மா! மனுஷன மூட்டை கட்டுறீங்களா?" என்று தலைமை நர்ஸ் ஓடி வந்தார்.

"கத்தாதீங்க சிஸ்டர். எங்கெங்க திறக்கணும், அத மட்டும் சொல்லுங்க."

நர்ஸ் சொன்னார், ஊசி சாக்பீஸால் அங்கியின் மேலேயே கோடு போட்டாள். பிறகு அதைக் கழற்றித் தையல் அறைக்கு எடுத்துப் போய், குழாய்க்காகத் தோளைத் திறந்து நாடா வைத்தாள். முதுகுக்கு இரண்டு அகல மடிப்பு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விலாவில் முடிச்சு. படுக்கையிலேயே மலம் கழிக்கிறவர்களுக்கு முடிச்சை அவிழ்த்தால் மடிப்பு விலகிவிடும்.

மாலையில் போதகர் எழுந்தார். ஒரு கையால் பின்னால் தடவிப் பார்த்தார். இன்னொரு முறை தடவினார். பிறகு அக்காவின் தோளைப் பிடித்து வராந்தாவுக்கு வந்து, சபையாருக்கு நடுவே நடந்தார். வலியில் பல்லைக் கடித்தார், ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அக்கா அழுகையும் சிரிப்புமாகக் கூடவே போனாள்.

பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர், "ஏன் சிஸ்டர், அவருக்கு மட்டும்தான் பின்பக்கம் இருக்கா?" என்று கேட்டார். வார்டே சத்தம் போட்டது. நர்ஸ் மேலிடத்தில் பேசி, எல்லோருக்கும் அதே மாதிரி தைக்கத் துணிக்கு வழி செய்தார்.

உடம்பு தேறியதும் போதகர் தையல் அறைக்கு வந்தார். தொண்டையைச் செருமி, "நான் வாயால சொன்னத நீ..." என்று ஆரம்பித்தார்.

"பிரசங்கம் அப்புறம். பெண்கள் வார்டுக்கு இன்னும் வெட்டவே ஆரம்பிக்கல" என்று ஊசி துணியின் ஒரு நுனியை அவர் கையில் திணித்தாள். "நேராப் பிடிங்க அத்தான். கோணுது."

அவர் நேராகப் பிடித்தார்.