ஷூ அளவை நம்பி விட்ட வேலை

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடிந்ததும் எச்.ஆர். மேடம், "செலக்ட் ஆயிட்டம்மா, ஒண்ணாந்தேதி வந்துடு" என்று சொல்லி, என் சேஃப்டி ஷூ அளவையும் எழுதிக்கொண்டார். ஷூவுக்கே அளவு கேட்டுவிட்டார்களே என்று நம்பி, ஆறு வருடம் பார்த்த வேலையிலிருந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நின்றேன்.

ஒன்றாம் தேதி, கேட்டில் செக்யூரிட்டி உள்ளே போன் போட்டுக் கேட்டார். "ஆள் எடுக்கறத நிறுத்திட்டாங்களாம்மா" என்றார். மேடம் என் போனை எடுக்கவே இல்லை.

பழைய சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். "உன் எடத்துல வேற பொண்ணு வந்துடுச்சி. காண்ட்ராக்ட்ல வேணா வரியா?" என்றார். சேர்ந்தேன். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

போன மாதம் வேறொரு கம்பெனியிலும் ஷூ அளவு கேட்டார்கள். "மொதல்ல ஆஃபர் லெட்டர் குடுங்க சார், அப்புறம் சொல்றேன்" என்றேன். இதுவரை கூப்பிடவில்லை. நானும் இருக்கிற வேலையை விடவில்லை.