நூல் இடது கைக்கு மாறிய கதை

பேருந்து நிலையத்தில் அவள் முகம் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குரல் தெரியாதவர்கள்தான் கிடையாது. "பயணிகளின் கவனத்துக்கு" என்று அவள் தொடங்கினால் போதும், பாதி குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஆளாளுக்கு மூட்டை முடிச்சைத் தூக்குவார்கள். மாடிப்படி முடியும் இடத்தில் இருக்கும் கண்ணாடி அறைதான் அவளுடைய இடம். அதில் ஒரு மைக், வண்டிகளின் நேரம் ஓடும் ஒரு திரை, ஒரு கால் ஆடும் நாற்காலி, நாற்காலிக்கு அடியில் ஒரு துணிப்பை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ "மைக்கம்மா" என்று கூப்பிட, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. குஷியான நாட்களில் அவள் கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

துணிப்பையில் இருப்பது பின்னல் வேலை. ஒரு பஸ் கிளம்பி அடுத்த பஸ் வருவதற்குள் மைக்கை அணைத்துவிட்டு ஊசிகளைக் கையில் எடுத்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் அந்தப் பின்னலின் அண்ணன் தம்பிகள் மூலைக்கு ஒன்றாகக் கிடக்கும். கணவருக்காக ஆரம்பித்த நீல ஸ்வெட்டருக்கு முதுகு உண்டு, மார்பு உண்டு, வலது கை உண்டு, இடது கை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. நாத்தனாரின் பேரனுக்கென்று அவன் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய குல்லா பாதியில் நிற்கிறது. பையன் இப்போது பள்ளிக்கூடத்தில் தன் பெயரைத் தானே எழுதுகிறான். ஜோடி இல்லாத ஒரு சாக்ஸ் ஜன்னல் கொக்கியில் தொங்குகிறது. சோம்பேறித்தனம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. ராப்பகலாகப் பின்னுகிறவள் அவள். ஆனால் ஆரம்பிப்பதில்தான் அவளுக்கு உயிர். நூல்கடையில் புது நிறம் ஒன்றைத் தொட்டுவிட்டால் உள்ளங்கை அரிக்கத் தொடங்கும். அதை ஊசியில் ஏற்றி முதல் வரி பின்னும்வரை சோறு இறங்காது.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான கணவருக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. "ஒரு கை குளிர்ந்தா என்ன, இன்னொரு கைதான் கதகதன்னு இருக்கே" என்பார்.

வீட்டில் பின்னலோடு தகராறு செய்கிற ஆள் மேனேஜர்தான். மேனேஜர் என்பது பூனை. சாம்பல் நிறம், தொப்பை, கழுத்தில் டை கட்டியதுபோல் ஒரு வெள்ளைப் பட்டை. வேலை எதுவும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் கணவர் வைத்த பெயர். ஒருமுறை மைக்கம்மா கண்ணாடி அறையில் இருந்தபோது கணவர் போன் செய்தார்.

"என்னங்க?"

"மேனேஜர் உன் பச்சை நூலைக் கவ்விக்கிட்டு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துட்டார். கூப்பிட்டா உறுமுறார்."

"அடி ஒண்ணு போட்டு வெளியே இழுங்க!" என்றாள் அவள் சத்தமாக. பக்கத்தில் நின்றிருந்த டிக்கெட் பரிசோதகர் ஆடிப்போய், "யாரு, நம்ம மேனேஜரையா?" என்று கேட்டார். அவருக்குப் புரியவைத்து அனுப்புவதற்குள் ஒரு பஸ் அறிவிப்பில்லாமலே கிளம்பிவிட்டது.

இந்த மேனேஜருக்கு ஒரு குணம் உண்டு. அவள் நிதானமாகப் பின்னினால் மடியில் சுருண்டு தூங்கும். கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், நூல் துள்ளுகிற துள்ளலில் விழித்துக்கொண்டு ஒரே பாய்ச்சல். நூல் ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம், ஊசியில் மாட்டியிருந்த நூல் கண்ணிகள் கொத்தாக நழுவித் தரையில். வீட்டில் பழகிய அந்த நிதானமே கண்ணாடி அறையிலும் ஒட்டிக்கொண்டதால், தன் கைக்கு எவ்வளவு வேகம் உண்டு என்பதே மைக்கம்மாவுக்குத் தெரியாது. பின்னலை அவள் யாரிடமும் கற்கவில்லை. ஊசிப் பொட்டலத்தோடு வந்த ஒரு காகிதத்தில் இருந்த படங்களைப் பார்த்துத் தானாகவே பழகினாள். இன்னொருவர் பின்னுவதை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது.

ஒரு நாள் சாயங்காலம் நாத்தனார் வந்தார். கணவரின் அக்கா, கீழ்வீட்டில் தையல்கடை நடத்துகிறார். எடுத்த துணியைச் சொன்ன நாளில் தைத்துக் கொடுக்கிறவர். மைக்கம்மாவின் வீட்டுக்குள் நுழைந்து பாதியில் கிடக்கும் பின்னல்களைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

"நூல்கடையில போட்டி வைக்கிறாங்களாம். யாரு வேகமா பின்னுறாங்கன்னு. மணி அடிச்சதும் ஆரம்பிக்கணும், அடுத்த மணி அடிக்கிறப்போ யாரோட துணி நீளமா இருக்கோ அவங்கதான் ஜெயிச்சவங்க. உன் பேரைக் கொடுத்துட்டேன்."

"ஐயோ அண்ணி! என்னைக் கேக்கவேயில்லையே?"

"கேட்டா நீ யோசிக்க ஆரம்பிப்பே. அதையும் பாதியில விட்டுடுவே. இதுல முடிக்கணும்னே இல்லடி, மணி அடிச்சா நிறுத்தினா போதும். உனக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு!"

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். மைக்கம்மாவுக்கோ நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது பயமில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. உள்ளங்கை அரித்தது.

வீட்டில் பயிற்சி நடக்காது, மேனேஜர் விடமாட்டார். மிச்சம் இருந்தது கண்ணாடி அறைதான். ஒவ்வொரு பஸ் இடைவெளியிலும் அவள் பின்னிப் பார்த்தாள். முதல் நாள் விரல்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. பிறகு திடீரென்று ஒரு மதியம், கைகள் தாமாகவே ஓட ஆரம்பித்தன. ஊசி நுனிகள் டிக்டிக்கென்று பேசிக்கொண்டன, துணி அவள் மடியில் இறங்கிக்கொண்டே வந்தது. தனக்குள் இப்படி ஒரு குதிரை இத்தனை நாள் கட்டிக் கிடந்ததா என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த உற்சாகத்திலேயே மைக்கைப் போட்டு நான்காவது நடைமேடைக்கு வண்டி வந்திருப்பதைச் சொல்லி முடித்தாள். அணைக்கத்தான் மறந்துபோனாள்.

"ஓடு ஓடு ஓடு... அப்படித்தான் என் ராஜாத்தி... ஐயையோ, நழுவிடுச்சே! பிடி, பிடி, விடாதே!"

கீழே ஊரே ஓடியது. எந்த வண்டி, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நான்காவது நடைமேடையில் ஏறியவர்கள் இறங்கினார்கள், இறங்கியவர்கள் ஏறினார்கள். ஒரு பெரியவர் கையில் கிடைத்த யாருடைய பெட்டியையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டிக்கெட் பரிசோதகர் மூச்சு வாங்க மாடியேறி வந்து மைக்கில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைக் காட்டியபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு அறிவிப்பு செய்தாள். அதைச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னதில் குரல் கிறீச்சிட்டது. கீழே மொத்தக் கூட்டமும் கைதட்டியது.

போட்டி நாள் வந்தது. நூல்கடைக்கு மேலே இருந்த கூடத்தில் வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உள்ளே காலடி வைத்த மைக்கம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். எங்கே பார்த்தாலும் ஊசிகள். மூங்கில் ஊசி, இரும்பு ஊசி, கம்பியால் இணைத்த வளைய ஊசி. கல்லூரிப் பெண்கள் இருவர், ஒரு கணக்கு வாத்தியார், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே பின்னும் ஒரு தாய். இத்தனை பேர் இதே ஊரில், இதே தெருக்களில், இதே கிறுக்கோடு நடமாடியிருக்கிறார்கள்! இது தெரியாமல் நாம் மட்டும் தனியாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"வாயைப் பிளந்துக்கிட்டு நிக்காதே, போய் உக்காரு" என்று முதுகில் தட்டினார் நாத்தனார்.

முதல் சுற்றில் கைகள் பறந்தன. மடியில் பூனை இல்லை, இடையில் பஸ் இல்லை. மணி அடித்தபோது அவளுடைய துணிதான் அந்த வட்டத்திலேயே நீளம். நாத்தனார் கூடமே அதிர விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது போட்டி பார்க்க வந்திருந்த கூடப்பிறந்த தம்பிக்கே அன்றுதான் தெரிந்தது.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஆம்புலன்ஸ் டிரைவர். அகன்ற தோள், அடர்ந்த மீசை, கையில் சிவப்பு நூல். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற நேரமெல்லாம் பின்னுவாராம். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் "வணக்கம்ங்க" என்றதும் புருவத்தைத் தூக்கினார்.

"இந்தக் குரல்... நீங்கதானே 'நழுவிடுச்சே, பிடி பிடி'? அன்னைக்கு நான் ஸ்டாண்டுலதான் இருந்தேன். எதைப் பிடிக்கணும்னு எனக்கு மட்டும் புரிஞ்சுது. கண்ணியைத்தானே?"

அவள் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

பாதி தூரம்வரை இரண்டு பேரும் சமம். பிறகுதான் அவள் ஒருகணம் தலையை நிமிர்த்தினாள். அவர் கையைப் பார்த்தாள்.

அவளுக்கு நூல் எப்போதும் வலது கையில்தான். ஒவ்வொரு கண்ணிக்கும் நூலைத் தூக்கி ஊசியைச் சுற்றிப் போடுவாள். அவரோ நூலை இடது கை ஆள்காட்டி விரலில் மாட்டியிருந்தார். விரல் அசையவேயில்லை. வலது ஊசி எட்டிப் போய் நூலை லேசாகக் கொத்தி இழுத்தது. சுற்றுவது கிடையாது, தூக்குவது கிடையாது. கோழி தானியம் பொறுக்குகிற மாதிரி கொத்து, கொத்து, கொத்து. இப்படியும் ஒரு வழி இருக்கிறதா!

மைக்கம்மாவின் கைகள் நின்றன. கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அதுவும் போதாமல் எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அடியே, உக்காந்து பின்னுடி!" என்று நாத்தனார் கத்தினார். காதில் விழுந்தால்தானே?

"என்னங்க பண்றீங்க?" என்றார் டிரைவர் கை நிறுத்தாமல்.

"நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க! துணியைத் திருப்பிப் புரட்டிப் பின்னுற வரியில எப்படி? அதைக் காட்டுங்க!"

"போட்டிம்மா இது!"

"அது கிடக்கட்டும், திருப்புங்க!"

மணி அடித்தது. டிரைவர் ஜெயித்தார். மாலையும் கைதட்டலும் அவருக்குப் போயின. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது மைக்கம்மாதான். நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"கைக்கு வந்ததை இப்படிக் கோட்டை விடுவாங்களா? கண்ணை எங்கேடி வெச்சிருந்தே?"

"அவர் கையிலதான், அண்ணி! பாத்தீங்களா நீங்க? விரலே அசையல! நூல் தானா வருது!"

அவள் குதிக்காத குறை. அந்த முகத்தைப் பார்த்த நாத்தனாருக்கு மேற்கொண்டு திட்ட வாய் வரவில்லை. "எங்கே, எனக்கும் காட்டச் சொல்லு" என்று முணுமுணுத்துக்கொண்டே தானும் ஒரு நாற்காலியை இழுத்தார்.

கடைப் பையன்கள் மற்ற நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்க, மூன்று பேரும் ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். டிரைவர் அவள் இடது விரலில் நூலை மாட்டிக் கொடுத்தார். விரல் மரக்கட்டை மாதிரி விறைத்து நின்றது. முதல் கண்ணி வந்தது, இரண்டாவது அறுந்து போவதுபோல் இறுகியது, மூன்றாவது ஓடிப்போனது. இத்தனை வருஷம் பின்னியவள் பால்வாடிப் பிள்ளை மாதிரி தடுமாறினாள். அதில் அவளுக்கு அவ்வளவு ஆனந்தம். பதிலுக்கு டிரைவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"சாக்ஸ் பின்னுறப்போ குதிகால் வருமே, அது மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. எத்தனை தடவை பண்ணாலும் பைதான் வருது."

"குதிகாலா? கொடுங்க இப்படி!" என்றாள் மைக்கம்மா. குழந்தையோடு வந்த தாய் அதைக் கேட்டுத் திரும்பி வந்தாள். கணக்கு வாத்தியாரும் வந்தார். கடைக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டிய பிறகுதான் எல்லாரும் எழுந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க" என்று படியிறங்கும்போதே சொல்லிவிட்டாள் மைக்கம்மா. கணவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் ஃப்ரிட்ஜ் கடையிலிருந்து நான்கு ஸ்டூல்களை இரவல் வாங்கி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு கொள்ளவில்லை. கட்டிலில் இருவர், ஜன்னல் திட்டில் ஒருவர், கல்லூரிப் பெண்கள் தரையில். மேனேஜர் எந்த நூலைப் பிடிப்பது என்று தெரியாமல் திகைத்து, கடைசியில் கணக்கு வாத்தியாரின் செருப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாத்தனார்கூட ஊசி கேட்டு வாங்கி, "இதென்ன பெரிய வித்தை" என்று ஆரம்பித்து, மூன்றாவது வரியில் முழி பிதுங்கி உட்கார்ந்திருந்தார்.

அப்போது டிரைவரின் போன் அடித்தது. வேலைக்கு வரவேண்டியவர் வரவில்லை, அவசரமாக வண்டி எடுக்க வேண்டும். அவர் கையில் ஒரு சிவப்பு மஃப்ளர், வரி பாதியில் இருந்தது.

"வரி நடுவுல விட்டுட்டுப் போனா எனக்கு வண்டியே ஓடாது" என்று அதை அப்படியே மைக்கம்மாவின் கையில் திணித்தார். "நீங்க பின்னிக்கிட்டே இருங்க."

"நானா? என் இடது கை இன்னும் தவழ்ந்துக்கிட்டு இருக்கு!"

"தவழட்டும்" என்று சொல்லி அவர் படிகளில் தடதடவென்று இறங்கினார்.

மைக்கம்மா நூலை இடது விரலில் மாட்டிக்கொண்டாள். அவருடைய கண்ணிகள் அச்சடித்த எழுத்துபோல் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேல் அவளுடையவை சின்னதும் பெரிதுமாக, ஒன்று சாய்ந்தும் ஒன்று முறைத்தும் ஏறிக்கொண்டன. நான்கு விரல் அகலம் வளர்ந்தபோது, சுற்றிலும் பேச்சு நடந்துகொண்டிருக்க, அவள் பார்க்காமலேயே விரல் ஒரு கண்ணியைக் கொத்தி எடுத்தது. அடுத்ததையும் எடுத்தது.

"அண்ணி! வந்துடுச்சு! பாருங்க, வந்துடுச்சு!"

கீழ்த்தெருவரைக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கும்.

மறுவாரம் டிரைவர் மஃப்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிரிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டாள் அவள், வெட்கத்தோடு.

"பிரிக்கத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோணல் வரிகளுக்கு மேலேயே அவர் தன் வரியைத் தொடங்கினார்.