சித்திரையில் விழுந்த தை மாத நிழல்

ஒருங்கிணைப்பாளர் சார், நீங்கள் ஒரு வகுப்பு முழுவதையும் பொய் எழுத வைத்தீர்கள். எழுத மறுத்த ஒரே ஒரு பெண்ணை ஃபெயில் ஆக்கினீர்கள்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அது தெரியும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக்கும் முருங்கைக்கும் ஏலம் கூவிய தொண்டை இது.

விஷயத்துக்கு வருகிறேன். கமிஷன் கடையை மகனிடம் விட்டுவிட்டு எம்.ஏ. தத்துவம் சேர்ந்திருக்கிறேன். தபால் வழிப் படிப்பு. அதில் ஒரு பாடம் – பண்டைய தத்துவமும் அறிவியலும். வார இறுதி வகுப்பு கொடைக்கானலில், ஒரு பள்ளிக்கூட ஹாலில். பழனியில் பஸ் ஏறினால் வளைவுக்கு வளைவு வயிறு புரளும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போய்ச் சேர வேண்டும். கேள்வி கேட்கச் சொல்லித் தரும் படிப்பு என்று நம்பித்தான் இத்தனை பாடும்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. நான் பாஸ். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், என்னோடு படிக்கும் மகேஸ்வரி போனை நீட்டினாள்.

"அண்ணே, பிராக்டிக்கல்ல முட்டை போட்டுருக்காக."

மகேஸ்வரிக்கு மன்னவனூர். வீட்டில் பூண்டு விவசாயம். கொடைக்கானலில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக டீச்சர். எம்.ஏ. முடித்துவிட்டு வந்தால் ஜூனில் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் – நிர்வாகம் அப்படிச் சொல்லியிருக்கிறது. பள்ளி திறக்க இன்னும் சில நாட்கள்தான்.

"எல்லாரும் பாஸ். நான் மட்டும்தேன். ஏண்ணே, குடம் இல்லைன்னு சொன்னா அறிவு, நிழல் இல்லைன்னு சொன்னா முட்டையா?"

குடமா? அது என்ன கதை?

ஒரு விஷயத்தை எப்படி அறிகிறோம் என்பதற்கு அந்தக் காலத்துத் தத்துவக்காரர்கள் வழிகள் வகுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணால் காண்பது ஒன்று. புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது ஒன்று. இப்படிப் போகும் வரிசையில் 'இன்மை' என்றும் ஒன்று உண்டு. தரையைப் பார்க்கிறாய். அங்கே குடம் இல்லை. 'குடம் இல்லை' என்று தெரிந்துகொண்டாயே, அதுவும் அறிவுதான். இதை எங்களுக்கு மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தவரே எங்கள் படிப்பு மையத்தின் இந்த ஒருங்கிணைப்பாளர்தான். நன்றாகத்தான் நடத்தினார். பொய் சொல்லக் கூடாது.

அறிவியல் பகுதிக்குச் செய்முறை உண்டு. வெட்டவெளியில் ஒரு முழக் கம்பை நட்டு, உச்சி நேரத்தில் விழும் நிழலை அளக்க வேண்டும். கடிகாரமும் காலண்டரும் இல்லாத காலத்தில் நாளையும் பருவத்தையும் கணக்கிட்ட வழி அது. எங்களை இரண்டு பேட்ச்சாகப் பிரித்திருந்தார்கள். முதல் பேட்ச்சான எனக்குத் தை மாதம் நடந்தது. பளிச்சென்று வெயில். என் கம்புக்கு நிழல் பாதி உயரத்துக்கும் மேலே, வடக்கே நீண்டு கிடந்தது. அளந்தேன். எழுதினேன்.

மகேஸ்வரியின் பேட்ச்சுக்குச் சித்திரை பிறந்த வாரத்தில். அன்றைக்குக் கொடைக்கானலில் மூட்டம். எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை, கம்புக்கு நிழல் எங்கிருந்து வரும்? காத்திருந்தார்கள். ஸ்வெட்டர் நனைந்ததுதான் மிச்சம்.

ஒருங்கிணைப்பாளருக்கு மத்தியானம் கீழே இறங்க வேண்டிய சோலி. என்ன செய்தார்? "முதல் பேட்ச் அளவையே எழுதிடுங்க, வெரசா முடிங்க" என்றார். எழுதினார்கள், எல்லோரும். ஆளுக்கு ஆள் ஒரே அளவு. என் அளவு! மகேஸ்வரி மட்டும் எழுதியது ஒரே வரி: 'மூட்டம். நிழல் விழவில்லை.'

டீயைப் பாதியில் வைத்துவிட்டு இரண்டு பேரும் ஒருங்கிணைப்பாளரின் ஆபீசுக்குப் போனோம்.

மனிதர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். எங்களுக்கும் டீ சொன்னார்.

"என்னங்கம்மா நீங்க, அளவு எழுத வேண்டிய எடத்துல அளவு இல்லைன்னா நான் எதுக்கு மார்க் போடுறது?"

"நிழலே இல்லைங்க சார்."

"எனக்குத் தெரியாதா? நானும் அங்கதானே நின்னேன். பிள்ளைக ஃபெயிலாகிடக் கூடாதேன்னுதான் வழி சொன்னேன். மத்தவுங்க கேட்டாங்க. நீங்க கேக்கல."

"நீங்கதானே சார் சொன்னீங்க, இல்லாததை இல்லைன்னு அறியறதும் அறிவுன்னு?"

"அது தியரிம்மா!"

ஆபீஸ் பையன்கள் சிரித்தார்கள். மகேஸ்வரியும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது.

பிறகு அவர் குரலைத் தணித்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அந்த வரியை அடிச்சிட்டு அளவை எழுதிக் குடுங்க. இன்னைக்கே திருத்தி அனுப்பிடுறேன். உங்க ஸ்கூல் வேலையும் தப்பிச்சிரும்." பேனாவை மகேஸ்வரி பக்கம் தள்ளினார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எழுதித் தொலை தாயி" என்றேன். ஆமாம், நானேதான். வேலை போய்விடுமே! இந்த நாட்டில் எத்தனை இடத்தில் எத்தனை பேர் இப்படிக் கட்டத்தை நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்... ஒரு நிழலில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றிவிட்டது.

மகேஸ்வரி பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். மூடினாள்.

"அது உங்க நிழலுண்ணே. நான் எப்படி எழுதுறது?"

பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இறங்கும் பஸ்ஸில் பாடக் குறிப்பைப் புரட்டினேன். இதே ஒருங்கிணைப்பாளர் அச்சடித்துக் கொடுத்தது. உச்சி நிழல் நாளுக்கு நாள் மாறும் என்று போட்டிருக்கிறது. மாறுவதால்தான் அது காலண்டர். அதற்கடுத்த பாராவைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் மலைப் பக்கத்தில் சித்திரை பிறக்கும் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுமாம். உச்சி வேளையில் கம்பின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடுமாம்.

புரிகிறதா? அன்றைக்கு மூட்டம் இல்லாமல் வெயில் கொளுத்தியிருந்தாலும் அங்கே அளக்கும்படி நிழல் இருந்திருக்காது! பாதிக் கம்பு நீள நிழலைச் சித்திரை உச்சியில் எழுதியவர்கள் அத்தனை பேரும் பாஸ். அதற்கு மார்க் போட்டவர் அந்தப் பாடக் குறிப்பைக் கொடுத்தவரேதான்.

தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். படித்ததை வகுப்போடு கழற்றி வைத்துவிடுகிறோமே, அதற்கு என்ன மருந்து? அந்தக் காலத்தில் வாதம் என்றால் சபையில் நடக்கும். எதிராளி சொன்னதை முதலில் ஒழுங்காக எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் பதில். இதுவும் நம் சிலபஸில் இருக்கிறது, சார். ரூமுக்குள் பேனாவைத் தள்ளுவது வாதம் இல்லை.

மகேஸ்வரிக்கு நான் போன் செய்தேன். "மறுபடி பரீட்சை எழுதுறேண்ணே, ஒரு வருசம்தானே" என்றாள். குரல் அப்படி ஒன்றும் தெம்பாக இல்லை. ஸ்கூலில் இன்னும் சொல்லவில்லையாம்.

அவள் சொல்ல வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள் சார். வருகிற ஞாயிறு, மார்க் ஷீட் வாங்க இரண்டு பேட்ச்சும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அதே ஹாலில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள் – சித்திரை பிறந்த வாரத்தில், உச்சி நேரத்தில், அந்தக் கம்புக்கு எவ்வளவு நிழல்?