அம்மையின் கண்ணுக்கு என்ன குறை?

நாகர்கோவிலில் மனநல மருத்துவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அதுதான் பிரச்சினையே.

கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும்... அது யாருடைய செருப்பு என்று சொல்ல எதிர் டீக்கடையில் நாலு பேர் இருப்பார்கள். ஆகவே எங்கள் பக்கத்து மரியாதைப்பட்ட குடும்பங்கள், மனசு சரியில்லை என்றால் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போவதே வழக்கம். அங்கே நம்மை யாருக்குத் தெரியப்போகிறது?

நாலு மாதத்துக்கு முன் நானும் தங்கை ஷீபாவும் அப்படித்தான் தக்கலையில் பஸ் ஏறினோம்.

ஷீபாவுக்கு முப்பத்திநான்கு வயது. கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறாள். மிக்ஸி சத்தம் அவளுக்கு வலிக்கும் — எரிச்சல் அல்ல, வலி. ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் இரண்டு நாள் பேச்சே வராது. எல்லோரையும் போலச் சிரித்து, எல்லோரையும் போல நலம் விசாரித்து, வருடக்கணக்கில் நடித்து... இந்த வருடம் தூக்கம் போய்விட்டது. வகுப்பறை வாசல்வரை போய் உள்ளே நுழையாமல் திரும்பி வந்தாள். வேலையை விடப்போகிறேன் என்றாள்.

ஊர் சும்மா இருக்குமா? வைத்தியம் சொன்னது. படுக்கும்முன் பால் குடி. செல்போனைப் பார்க்காதே. எங்கள் சித்தி சொன்னது இன்னும் சிறப்பு: “கல்யாணம் கழிஞ்சா எல்லாம் சரியாவும், பிள்ளே.” கல்யாணத்தைத் தூக்க மாத்திரையாகச் சிபாரிசு செய்த முதல் ஆள் சித்தி இல்லை. பக்க விளைவுகளைப் பற்றி அவரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஷீபா ஒரு நிபந்தனை போட்டாள்.

“அக்கா, அங்க தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணக் கண்டாலும் நான் திரும்பிருவேன். பெறவு நீ எங்க கூப்பிட்டாலும் வரமாட்டேன்.”

“நம்ம ஊர்க்காரவிய யாரு மக்கா அங்க வரப்போறாவ?”

ஷீபா சொன்னால் சொன்னதுதான். அது எனக்குத் தெரியும்.

மனநல கிளினிக்கின் காத்திருக்கும் கூடத்தில் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. கொரோனா முடிந்துவிட்டது என்று யாரும் தெரிவிக்காதது போல ஆளுக்கொரு மாஸ்க். எதிரே ஒருவர் முகத்துக்கு நேராகப் பேப்பர் பிடித்திருந்தார். பத்திரிகையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். டெண்டர் விளம்பரப் பக்கத்தை ஒரு வாசகர் இவ்வளவு நேரம் ஆழ்ந்து வாசித்து நான் கண்டதில்லை.

கை வலித்ததோ என்னவோ, பேப்பர் இறங்கியது. ஞானதாஸ் அண்ணன்!

இவர் எங்கள் சபையின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை மைக்கில் ஜெபக் குறிப்பு வாசிப்பவர். ரகசியம் காப்பதில் அவருக்கென்று ஒரு பாணி உண்டு. “பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி... கிழக்குத் தெரு, மாடி வீடு, பச்சை கேட்... மனச் சோர்வு நீங்க ஜெபிப்போம்.” மொத்தச் சபையும் கண்ணை மூடும். பச்சை கேட்டை நினைத்துக்கொண்டே.

திருவனந்தபுரத்தில் இத்தனை லட்சம் பேர் இருந்தும், எங்களுக்கு இவர்தான் கிடைத்தார்.

“ஏ... ஷீபாவா?” என்றார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “நான் அம்மைக்குக் கண்ணு காட்ட வந்தேன், கேட்டியளா.”

ஷீபா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். “அம்மை எங்கண்ணே?”

“அம்மை... வீட்ல.”

“அப்போ கண்ண மட்டுமா கொண்டுவந்திய?”

கிண்டல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. நான் மெதுவாக அவள் காலை மிதித்தேன்.

“அக்கா, என்னத்துக்கு மிதிக்க?” என்று சத்தமாகக் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் மலையாளம் கலந்து கூப்பிட்டார்: “ஞானதாஸ், தக்கலை! பழைய சீட்டு கொண்டு வந்தோ?”

இப்போது ஷீபாவுக்குப் புரிந்துவிட்டது: அண்ணன் இங்கே அடிக்கடி வருகிறவர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். இந்த வாசலைத் தாண்டினால் இனி எந்த டாக்டரிடமும் வரமாட்டாள்.

“போவாதம்மா.” மைக் இல்லாமல் அண்ணனின் குரலை அன்றுதான் கேட்டேன். மிகச் சின்னக் குரல். “நான் நாலு வருசமா வாறேன். பெஞ்சாதிக்கே தெரியாது. நீ அந்த மூலையில போய் இரி, அங்க டி.வி. சத்தம் அவ்வளவா கேக்காது. டாக்டர் நல்ல மனுசன்... நடுவுல பேசமாட்டாரு, சொல்லி முடிக்க விடுவாரு.”

ஷீபா நின்று யோசித்தாள்.

“பெஞ்சாதிக்குத் தெரியாதா? அப்போ மாத்திரைய எங்க வச்சிருக்கிய?”

“ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில.”

“வெயில்ல கெட்டுப்போவுமே?”

நாலு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கேட்க யாருக்காவது தெரிந்திருந்தால்தானே? அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். ஷீபா போய் அந்த மூலையில் உட்கார்ந்தாள்.

அதன்பின் மூன்று முறை போய்விட்டோம். டாக்டர் ஆட்டிசம் என்றார். “இது நோய் இல்லை, உங்கள் மூளை இப்படி. நடிப்பதைக் குறையுங்கள், பயத்துக்கும் தூக்கத்துக்கும் நான் உதவுகிறேன்” என்றார். தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. வேலையை விடவில்லை. சபைக் கோயிலில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு உட்காருகிறாள். யாராவது கேட்டால் காரணத்தையும் சொல்லிவிடுகிறாள்.

சித்திக்குத் திகைப்பு. “ஆட்டிசமா? அது சின்னப் பிள்ளியளுக்கு உள்ளதுல்லா?” அந்தச் சின்னப் பிள்ளைகள் யாரும் வளரவே மாட்டார்கள் என்பது சித்தியின் நம்பிக்கை.

ஞானதாஸ் அண்ணன் இப்போது ஜெபக் குறிப்பில் கேட்டின் நிறத்தைச் சொல்வதில்லை. சபையில் சிலருக்கு இதில் வருத்தம்.

இப்போதெல்லாம் மூவரும் ஒரே காரில் போகிறோம். எங்கே என்று வழியில் யாராவது கேட்டால், “மனசு டாக்டர்ட்ட” என்கிறாள் ஷீபா. பதறிப்போய் நானும் அண்ணனும் ஒரே குரலில், “அம்மைக்குக் கண்ணு...” என்று தொடங்குகிறோம். எங்கள் மூவரில் சிகிச்சை வேண்டியது யாருக்கு என்று டாக்டரிடம் இன்னும் கேட்கவில்லை.

அண்ணனின் பெயரையும் கேட்டின் நிறத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் ஒரு கவலை... அந்த அம்மை இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிப்பவர்.

கண்ணாடி இல்லாமல்.