மீதிப் பாதிக்கு ஒரு ஆள்

காளிமுத்து அதிகம் பேசமாட்டார். நீலகிரியில் பிக்கட்டிக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷமாக, தூளை உலர்த்தும் டிரையர் ஓட்டுகிறவர். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது, கையாட்டுவதோடு சரி. நாளடைவில் வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டார். சோறு போதும் என்றாலும் கைதான், குழம்பு வேண்டும் என்றாலும் கைதான். "எங்க ஊட்டுல நானும் செவுருந்தான் பேசிக்கிறோம்" என்று அவர் மனைவி கலைமதி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருஷம் தை மாதம் கூட வேலை பார்த்த ஒருவர் ஓய்வு பெற்றார். ஊட்டியில் ஓட்டல் விருந்து. அங்கே எல்லோரும் வற்புறுத்த, காளிமுத்து தன் ஐம்பத்து நாலாவது வயதில் முதல்முறையாக ஒரு டம்ளர் பீர் குடித்தார். வீட்டுக்கு வந்தவர் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் பேசினார். தூள் கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் டிரையரிலிருந்து ஒரு வாசனை வருமாம், அதை மூக்கிலேயே பிடித்துவிடுவாராம். பெண் பார்க்க வந்த அன்று கலைமதி தட்டிலிருந்து தவறவிட்ட முறுக்கை, யாரும் பார்க்காத நேரம் எடுத்துத் தின்றாராம். கலைமதிக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

அவர் பேசியது அவளுக்குப் பிடித்திருந்தது, உள்ளூரப் பயமும் இருந்தது. அவள் அப்பா சாராயம் குடித்தே நாற்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தவர். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம மத்தியானம், சோத்துக்கு முன்னால, ஒரே ஒரு டம்ளரு. அதுக்கு மேல ஒரு சொட்டு போச்சுன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் பஸ் ஏறிருவேன்."

காளிமுத்து தலையாட்டினார்.

சிக்கல் பாட்டிலில் வந்தது. மஞ்சூரில் வாங்கி வந்த பாட்டிலில் சரியாக இரண்டு டம்ளர் இருந்தது. முதல் வாரம் மீதியைக் காகிதத்தால் அடைத்து வைத்தார். அடுத்த ஞாயிறு அது நுரையும் இல்லாமல் சுருக்கும் இல்லாமல் ஆறிப்போன கஷாயம் மாதிரி இருந்தது. நவநீதனைக் கூப்பிட்டுப் பார்த்தார். நவநீதன் கலைமதியின் தம்பி. ஒரு டம்ளர் உள்ளே போனதும், "அடுத்தது எங்க மாமா?" என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினான். கலைமதி அவனுக்குச் சோறு போட்டு, நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினாள்.

கடைசியில் கலைமதியே ஒரு வழி கண்டாள். முட்டைக்கோஸ் பாத்தியில் ஓடில்லாத நத்தைகள் இலையை அரித்துக்கொண்டிருந்தன. பீரைத் தட்டில் ஊற்றி வைத்தால் நத்தை வந்து விழும் என்று யாரோ செல்போனில் சொல்லிக் கேட்டிருந்தாள். ஊற்றி வைத்தாள். ஊர் நத்தையெல்லாம் வந்து விழுந்தது.

மூன்று வாரம் இப்படியே போனது. நாலாவது ஞாயிறு அவள் தட்டோடு பாத்திக்குப் போகும்போது வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மணி, கொஞ்சம் நில்லுங்க. அதக் கீழ ஊத்தாதீங்க."

பக்கத்து வீட்டு மனுவேல். எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தபித்தாள் இறந்தபின் தனியாக இருக்கிறார். மகள் ஷைனாவுக்குக் கோயமுத்தூரில் குடும்பம். ஆறு வருஷத்துக்கு முன்னால் காளிமுத்து சில்வர் ஓக் கிளை வெட்டும்போது அது மனுவேலின் கோழிக்கூண்டின் மேல் விழுந்து இரண்டு கோழிகள் செத்தன. காளிமுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் கிளையை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

மனுவேல் இப்போது கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்த காளிமுத்துவை நேரே பார்த்தார். "உங்ககிட்டப் பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நத்தைக்கு ஊத்தறதப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருக்க முடியலீங்க."

காளிமுத்து எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டாரோ என்று கலைமதி பதறினாள். அவர் இன்னொரு டம்ளரோடு வந்தார்.

"வாங்க சார்" என்றார்.

இருவரும் கொல்லைப்புறத்துக் கல்லில் உட்கார்ந்தார்கள். கலைமதி பச்சைப் பட்டாணியை மிளகு போட்டு வதக்கிக் கொண்டுவந்து வைத்தாள். கால் டம்ளர் வரைக்கும் மலைச்சரிவில் மூடுபனி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு காளிமுத்து தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்கு அந்தக் கோழி... ரொம்பச் சங்கடமாப் போச்சுங்க சார். என்ன சொல்றதுன்னு தெரியாம வந்துட்டேன்."

"ரெண்டு கோழிக்காகவா நான் கோவிச்சுக்கிட்டேன்? இந்த ஒரு வார்த்தைக்குத்தான்" என்றார் மனுவேல்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பாட்டில், இரண்டு டம்ளர். ஒரே டம்ளர் என்பதால் இருவரும் அதை அவசரமில்லாமல் குடித்தார்கள். ஒரு மணி நேரம் ஓடும். உருளைக்கிழங்கு விலை, காட்டெருமை புகுந்த தோட்டம், பழைய மேனேஜரின் நடை என்று பேச்சு போகும். மனுவேல் அந்த மேனேஜர் மாதிரி நடந்து காட்டினால் காளிமுத்துவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். குடித்து முடித்ததும் மூவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். வாரம் முழுக்கக் கஞ்சியும் ரொட்டியுமாகக் காலம் தள்ளிய மனுவேல் அன்று மட்டும் மூன்றுமுறை சோறு கேட்பார்.

ஆடி மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. மனுவேல் பையில் தானே ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். முதல் பாட்டில் முடிந்ததும் அதை வெளியே எடுத்தார்.

"தபித்தா போயி இன்னிக்கு நாலு வருசம். இன்னிக்கு மட்டும் தொறந்துக்கலாங்க."

காளிமுத்துவுக்கும் அந்த நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. மழையும் குளிரும் அப்படி. அதோடு ஒரு துக்கக்காரரிடம் எப்படி மறுப்பது? வழக்கம்போலக் கையை ஆட்டிவிட்டால் கோழிக்கூண்டுக் கதைதான் மறுபடியும் என்று தோன்றியது. வாயைத் திறந்தார்.

"வேண்டாங்க சார். ரெண்டாவது டம்ளர்ல நீங்க அழுவீங்க, நான் தூங்கிருவேன். அவங்களப் பத்திப் பேச ஆளே இருக்காது. சும்மாவே சொல்லுங்க, கேக்கறேன்."

மனுவேல் பாட்டிலைக் கீழே வைத்தார். அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கலைமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா கேரட்டுல ஒரு ஊறுகா போடுவாங்களே சார், அது எப்படிங்க?"

அவர் மெல்ல ஆரம்பித்தார். ஊறுகாயில் தொடங்கி, கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவில் தபித்தாள் வேண்டுமென்றே சுதி தப்பிப் பாடி சர்ச் ஐயரைச் சிரிக்கவைத்தது வரைக்கும் போனார். நடுவில் அழுதார், பிறகு அவரே சிரித்தார். வெளிச்சம் மங்கும்போது பாட்டில் திறக்காமல் அப்படியே இருந்தது. "அடுத்த வாரத்துக்கு ஆச்சு" என்று கலைமதி எடுத்து அலமாரியில் வைத்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால் மனுவேல் வீட்டில் கூடுகிறார்கள். சமையல் அவர்தான், உப்பு மட்டும் கூடக்குறைய இருக்கும். காளிமுத்து ஃபேக்டரியிலும் சாயங்கால ஷிப்டு முடிந்ததும் பத்து நிமிஷம் நின்று பேசிவிட்டுத்தான் வருகிறார்.

போன மாதம் ஷைனா கலைமதிக்கு போன் செய்தாள்.

"ஏங்க்கா, அப்பா ஞாயித்துக்கெழம மத்தியானம் போனே எடுக்கறதில்லையே, ஒடம்பு நல்லாத்தான இருக்கு?"

வெளியே இரண்டு பேரும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டு சிரிக்கிற சத்தம். கலைமதி போனை ஜன்னல் பக்கம் நீட்டிக் காட்டினாள்.

"கேக்குதா? நாலு மணிக்கு மேல பண்ணு கண்ணு."