கடைசி முடிச்சிலிருந்து தொடங்கிய பாக்கியம்

செவ்வாய்க்கிழமை காலை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பாக்கியத்தின் மகள் அழைத்தாள். "டீச்சர், அம்மா தவறிட்டாங்க. கோப்பி கலக்கி வச்சிட்டு நாற்காலியில உட்கார்ந்தவங்கதான்." எதையும் பாதியில் விடாதவர், அந்தக் கோப்பியை மட்டும் குடிக்காமல் போய்விட்டார்.

எங்கள் கூலாய் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மெதுவாகக் கற்பவர்களுக்கான எங்கள் பயிற்சி மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் அவருடைய சிரிப்பைக் கேட்டிருப்பீர்கள். நான் அவரோடு பதினோரு ஆண்டுகள் சண்டை போட்டிருக்கிறேன்.

நான் கான்வெண்டில் படித்துப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கணவர் இறந்தபின் மையத்தில் சேர்ந்தேன். பாக்கியம் பக்கத்து ஊரான செனாயில் ஒரு தொழிற்சாலையில் புது ஆட்களைப் பழக்கி, ஓய்வுபெற்றபின் மையத்துக்கு வந்தவர். அவர் எழுதும் கூட்டக் குறிப்புகளைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பேன். "நல்லா பூ போட்டிருக்கீங்க டீச்சர்" என்று வாங்கிக்கொள்வார். அடுத்த மாதமும் அதே பிழைகள் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் மையத்துக்கு வந்துகொண்டிருந்த செல்விக்கு அப்போது முப்பத்தொரு வயது. டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவள். அண்ணன்கள் இருவரும் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது அவளும் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். "எனக்கு எப்ப வேல?" மையத்துக்கு வந்தாலும் இதே கேள்விதான். கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், "தே பொட்டலம் கட்டத் தெரிஞ்சா கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார். தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை முறுக்கி, கயிற்றைச் சுற்றி, முடிச்சை இறுக்க வேண்டும். நமக்கு நொடியில் முடிகிற வேலை.

கற்றுக்கொடுக்க நான் முன்வந்தேன். வேலையை ஏழு படிகளாகப் பிரித்து அட்டையில் எழுதினேன். பையில் வெறும் தண்ணீரை ஊற்றி முதல் படியிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு தவறுக்கும் "இல்ல, தப்பு. மறுபடி" என்றேன். இரண்டாவது வாரம் செல்வி பையைத் தொடவில்லை. தன் கண்ணாடியை என்னைப்போல மூக்கு நுனிக்கு இறக்கி, என் குரலிலேயே "இல்ல, தப்பு. மறுபடி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவளுக்கு ஞாபகம் நிக்காதுன்னு யாரு சொன்னா? நீங்க அதிகமா சொன்னத அச்சு மாறாம படிச்சிட்டா லா!"

நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள், "அப்ப நீங்களே சொல்லிக்குடுங்க" என்றேன்.

அவர் அட்டையை ஓரமாக வைத்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்கப் பார்க்கப் பையைக் கட்டி, இறுக்குவதை மட்டும் அவளிடம் விட்டார். செல்வி கயிற்றை இழுத்தாள். முடிச்சு விழுந்தது. "சியாப்!" என்றார் பாக்கியம், தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் சொல்வதைப்போல. செல்வி பையைத் தூக்கிக்கொண்டு மையம் முழுவதும் காட்டி வந்தாள்.

அது பழகிய பிறகுதான் அதற்கு முந்தைய படி. பிறகு அதற்கும் முந்தையது. கை தடுமாறப் போகிறது என்று தெரிந்தால், தவறு நடப்பதற்கு முன்பே தன் விரலைக் கொடுத்துவிடுவார்.

"ஃபேக்டரியில புது ஆளுக்குக் கடைசி ஸ்க்ரூவத்தான் முதல்ல குடுப்பேன் டீச்சர். முழுப் பெட்டி கண்ணு முன்னால நிக்கும். முதல் நாளே முடிச்சுப் பார்த்தவ மறுநாள் ஓடி வருவா. தோத்துக்கிட்டே இருந்தா யாரு வருவா, நீங்க வருவீங்களா?"

வரமாட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாய் கடைக்குப் போனோம். காலை நேரக் கூட்டம். உண்மையான தேநீர், உண்மையான சூடு. செல்வியின் கை பாதியில் நின்றது. நான் வாயைத் திறந்தேன். பாக்கியம் என் மணிக்கட்டைப் பிடித்து, "சும்மா இருங்க டீச்சர், அவ யோசிக்கிறா" என்றார். லாரி ஓட்டுநர் ஒருவர் அவசரமாகக் கை நீட்டிக்கொண்டிருந்தார். செல்வி யாரையும் பார்க்கவில்லை. கயிறு சுற்றியது, இறுகியது. ஓட்டுநர் பையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரும்மா" என்றார் பாய்.

"யூனிபார்ம்?" என்றாள் செல்வி.

பாய் தன் கடைச் சட்டையைக் கொடுத்தார். முழங்கால்வரை தொங்கியது. பாக்கியம் அழுததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன். அழுதுகொண்டே எனக்கும் சேர்த்து இரண்டு ரொட்டி சொன்னார்.

அவருடைய இறுதிச்சடங்குக்குச் செல்வி பாயிடம் சொல்லிவிட்டு ஒருநாள் விடுப்பில் வந்தாள். மறுநாள் ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விட்டாள். அந்த வாரக் கடைசியில் நான் கடைக்குப் போனபோது, நேப்பாளத்திலிருந்து வந்த புது ஊழியர் ஒருவர் அவள் பக்கத்தில் நின்றிருந்தார். செல்வி தேநீரை ஊற்றினாள், முறுக்கினாள், கயிற்றைச் சுற்றினாள். பிறகு பையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அவர் கயிற்றின் நுனியைத் தேடித் தடவினார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் பேசாமல் காத்திருந்தேன். பாக்கியத்திடமிருந்து நான் எனக்காக வைத்துக்கொண்டிருப்பது அந்தக் காத்திருப்புதான். முடிச்சு விழுந்தது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தேநீரை என்னிடம் நீட்டினார். அடுத்த பையை அவரே எடுத்தார்.