கொப்னெட் என்கிற டெபோரா

கல் செதுக்கும் டேமியன் கெலெஹர் நேற்று மறுபடியும் வந்தார். என் மனைவியின் கல்லறைக் கல் அவருடைய பட்டறையில் தயாராக நிற்கிறது. பெயர் மட்டும்தான் பாக்கி. இறப்புச் சான்றிதழில் டெபோரா டூமி என்று இருக்கிறது. ஊரில் யார் வாயிலும் அந்தப் பெயர் நுழைந்ததில்லை. எல்லோருக்கும் அவள் கொப்னெட்.

"ரெண்டுல எதுன்னு சொல்லுங்க. வெட்டின பிறகு அழிச்சு எழுத முடியாது," என்றார். ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

கொப்னெட், தேனீக்களைக் காக்கும் எங்கள் பக்கத்துப் புனிதை. அவள் பெயரைப் பெண்களுக்கு வைப்பது இங்கே வழக்கம். எங்கள் பழைய மொழிப் பெயர் அது, ஆங்கிலத்தில் அதற்கு ஈடான பெயர் கிடையாது. அதனால் பதிவு செய்கிறவர் டெபோரா என்றோ அபிகேல் என்றோ வாய்க்கு வந்ததை எழுதிவிடுவார். என் மனைவி டெபோராவை வங்கிக்கும் தபால் நிலையத்துக்கும் மட்டும் வைத்திருந்தாள், வெளியே போகும்போது மாட்டிக்கொள்ளும் கோட்டைப் போல.

அவள் வேலை பார்த்த பால் கூட்டுறவுச் சங்கம் மூடிய பிறகு, வம்சாவளி தேடித் தரும் நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பணம் அனுப்புவார்கள். அவர்களுடைய முன்னோர்களை இவள் பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் தேடுவாள். கட்டணம் தேடுவதற்குத்தானே தவிர, கிடைப்பதற்கு அல்ல. அதைப் பிறரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம்.

"இதுல என்னம்மா வெக்கம்?" என்பார் மேலாளர் ஷீஹன். "டாக்டர் மட்டும், பிழைக்கலைன்னா காசத் திருப்பியா தர்றாரு?"

சேர்ந்த முதல் குளிர்காலத்தில் வால்டர் ஹார்னெட் என்ற முதியவரிடமிருந்து விண்ணப்பம் வந்தது. அமெரிக்காவில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பாட்டி டெபோரா லூசி பிறந்த மண்ணில் சாவதற்குள் ஒருமுறை நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. ஏற்கெனவே இரண்டு இடங்களில் பணம் கட்டிப் பார்த்திருந்தார். கொப்னெட் பல வாரம் தேடினாள். டெபோரா லூசி என்று யாரும் இந்தப் பகுதியில் பிறக்கவில்லை என்று எழுதி அனுப்பினாள். அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, காலையில் நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"டெபோரா டூமி இருக்காங்களா?"

"அப்படி யாரும் இங்க இல்லீங்க," என்று வைத்துவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "யாருய்யா போன்ல?"

"யாரோ டெபோராவாம். தப்பான நம்பர்."

"யோவ், அது நான்தான்யா! இத்தன வருஷம் குடும்பம் நடத்தியிருக்க, பொண்டாட்டி பேரு தெரியல உனக்கு!"

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானும் அந்த மனுஷனுக்கு இதத்தானே எழுதினேன். அப்படி யாரும் இங்க இல்லன்னு."

அன்றே கொப்னெட் என்ற பெயரில் மறுபடி தேடினாள். லத்தீனில் எழுதும் பாதிரியார் 'கொப்னாட்டா லூசி' என்று குறித்திருந்தார். பெற்றோர் பெயர்களும் ஒத்துப்போயின.

"பேர மாத்தித் தேடினா அது புதுத் தேடல்மா. கட்டணமும் புதுசு," என்றார் ஷீஹன்.

"அவர் காசு கொடுத்தது அவரு பாட்டியத் தேட. நான் தேடினது வேற யாரையோ சார்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு தேநீர் போடப் போய்விட்டார்.

மே மாதம் வால்டர் வந்தார். நாங்கள்தான் காரில் கூட்டிப்போனோம். வீடு என்று சொல்ல ஒரு பக்கச் சுவர் மட்டும் நின்றது. உள்ளே இடுப்பளவு காஞ்சொறிச் செடி.

"இந்தச் செடியப் பாக்கவா இவ்வளவு செலவு பண்ணினேன்?"

"தேடினதுக்குத்தாங்க காசு. செடி சும்மாதான்," என்றாள் இவள்.

அவர் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, பாட்டியின் பெயரை முதல்முறையாக உரக்கச் சொன்னார்: "கொப்னெட்!"

வாயிற்படலைச் சாத்திக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்க்காமலே, "ஆங், இதோ வந்துட்டேன்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. வால்டர் சுவரில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றார். தூறல் வந்தும் நகரவில்லை. நாங்களும் காருக்குப் போகவில்லை.

இன்று காலை பட்டறைக்குப் போனேன்.

"ரெண்டு பேரையும் போடுங்க," என்றேன்.

டேமியன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "ரெண்டு பேரா? உங்களுக்கு ரெண்டு பொண்டாட்டின்னு நெனைக்கப் போறாங்க."

அவள் இருந்திருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பாள்.

"நடுவுல 'என்கிற'ன்னு போட்டுடுங்க. தேடி வர்றவங்க எந்தப் பேரோட வருவாங்கன்னு தெரியாது."

"எழுத்துக்கு இவ்வளவுன்னுதான் கூலி. 'என்கிற'வுக்கும் உண்டு, தெரியுமில்ல?"

"தெரியும். கொஞ்சம் ஆழமாவே வெட்டுங்க."